பாதி வாடகை

வட்டாரத் தொலைபேசி வாரியத்தின் சிதம்பரம் அலுவலகச் சுவரில் பதினோரு ஆண்டுகளாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. பார்வையற்ற சந்தாதாரர்களுக்கு மாத வாடகையில் பாதி தள்ளுபடி, விவரங்களுக்குக் கீழே படிக்கவும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். பார்வையற்றவர் எவரும் அதைப் படிக்கவில்லை. ஆகவே வட்டாரத்தில் சலுகை தேவைப்படும் பார்வையற்றவர் எவரும் இல்லை என்று வாரியம் வருஷா வருஷம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. 2008ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ராஜவேல் அதைப் படித்துத் தொலைத்தான்.

ராஜவேல் குடிகாட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அன்றைக்கு மாமாவின் போன் பில்லைக் கட்டுவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சிதம்பரம் வந்திருந்தான். இரண்டு மாதமாகக் குடிகாட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வேலை. இனிமேல் மாமாவின் பில்லில் தன் பங்கைத் தன்னால் கட்ட முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வரிசையில் நின்றபோதுதான் சுவர் கண்ணில் பட்டது.

மாமா என்பது தாய்மாமன் காத்தவராயன். சுண்ணாம்புக் காளவாயில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கல் நீற்றும்போது தெறித்து ஒரு கண் போனது. அதற்கு முதலாளி பத்து நாள் கூலி கொடுத்தான். அடுத்த வருஷம் மற்ற கண்ணும் போனது. அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பழகியிருக்கும் என்று நினைத்திருப்பான். இப்போது மாதம் நானூறு ரூபாய் உதவித்தொகை வருகிறது. வரியோடு சேர்த்து நூற்றைம்பது வரும் போன் பில்லில் பாதி ராஜவேல் கொடுப்பது, மறுபாதி அதிலிருந்து போகும். மீதியில் அவர் சாப்பிடுவார், சில நாள் சாப்பிடாமலும் இருப்பார். போனை மட்டும் விடமாட்டார்.

அந்தப் போன் அவருடைய மகள் ஜான்சி போட்டது. ராஜவேலுக்கு என்று பேசி வைத்திருந்த பெண். ஆறு வருஷத்துக்கு முன்பு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "எனக்குப் பொண்ணு செத்துட்டுது" என்று சொல்லி ரிசீவரை வைத்தார் காத்தவராயன். அன்று முதல் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை போன் அடிக்கும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். நடுவில் ஒரு மூக்குறிஞ்சல். சின்னப் பிள்ளையிலிருந்தே ஜான்சிக்குச் சளி. இவரும் பேச மாட்டார். நாலு நிமிஷம் கழித்து அந்தப் பக்கம் வைத்த பிறகு இவரும் வைப்பார்.

"நீங்க பேசினாத்தான் இன்னா மாமா?" என்று ராஜவேல் ஒருமுறை கேட்டான்.

"செத்துட்டுதுன்னு சொன்ன வாயி. நான் எப்பிடிப் பேசறது? அவ பேசட்டும்."

அவளிடம் இருப்பது அந்த நம்பர் ஒன்றுதான். அது அணைந்தால் நாலு நிமிஷ மூச்சும் போய்விடும். ராஜவேலின் மனைவி மங்கலத்துக்கு இது தெரியும். "ஒன்ன வாணாம்னுட்டுப் போனவளுக்கு நீ கூலிய வுட்டுட்டு நம்பரு காவல் காக்கற. ஒலகத்துல இப்பிடி ஒரு மாப்ளய பாத்ததில்ல" என்பாள். சொல்லிவிட்டு, மாமாவுக்குக் குழம்பும் ஒரு தூக்கில் ஊற்றித் தருவாள்.

கவுண்ட்டரில் இருந்த அம்மாவிடம் ராஜவேல் சலுகையைப் பற்றிக் கேட்டான். அந்த அம்மா பயந்துவிட்டாள். உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, மூன்று பேரும் சுவரொட்டியைப் படித்தார்கள்.

"ஆமாங்க, இருக்குது" என்றாள். "ஆனா ஆயிரத்து இருநூறுக்குச் செல்லு விக்கிதே, அத வாங்கிக் குடுத்துட்டுப் போறதுதானே?"

"நம்பரு மாறக் கூடாதும்மா."

"எல்லாரும் மாத்திக்கிறாங்க, ஒங்க மாமாவுக்கு மட்டும் இன்னா?" என்றபடி ஐந்து பக்க விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் பக்கத்தின் அடியில், 'மேற்கண்ட நிபந்தனைகளை என் சொந்தக் கண்களால் படித்துப் பார்த்து உறுதி அளிக்கிறேன்' என்று இருந்தது. ராஜவேல் படித்துச் சொல்ல, காத்தவராயன் கையெழுத்துப் போட்டார். மறுநாள் திரும்பி வந்தது. பிறர் படித்துச் சொன்னால் செல்லாது. "சொந்தக் கண்ணாலன்னு போட்டிருக்குதே" என்று அந்த அம்மா வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். கடைசியில் காத்தவராயன் அலுவலகத்துக்கே வந்து, ஐந்து பக்கத்தையும் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் பொறுத்துத் திருப்பினார். மூன்றாம் பக்கம் தலைகீழாக இருந்தது. அந்த அம்மா எழுந்து அதை மட்டும் நேராக்கிக் கொடுத்தாள்.

அடுத்தது போட்டோ. கண் மூடியிருப்பதால் தள்ளுபடி. கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்தது, கண் தெரியாததால் தள்ளுபடி. அதற்கடுத்தது பார்வையின்மைச் சான்று. காத்தவராயனிடம் இருந்தது பத்தொன்பது வருஷப் பழசு.

"இது அப்ப. இப்ப எப்பிடின்னு தெரியணுமில்ல?" என்றாள் அந்த அம்மா. "நடுவுல வந்திருந்தா?"

"போனது எங்கம்மா வரும்?" என்றார் காத்தவராயன்.

"அத நாங்க சொல்லக் கூடாதுங்க. டாக்டர்தான் சொல்லணும்."

வாரியத்தின் மருத்துவ அலுவலர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலக மாடியில் உட்கார்ந்திருந்தார். ராஜவேலின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று மாடி ஏறி, காத்தவராயன் அவர் எதிரே உட்கார்ந்தார். மருத்துவர் ஒரு குச்சியால் எதிர்ச்சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைத் தட்டினார்.

"எது வரைக்கும் தெரியுது?"

"சுவரே தெரியலிங்க."

"சுவர நான் கேக்கல. எழுத்தச் சொல்லுங்க. மேல இருக்கிறது பெருசா இருக்குதே, 'ப'. தெரியல?"

"இல்லிங்க."

"அதுக்குக் கீழ 'ட', 'ம'. அதுவும் தெரியல?"

"இல்லிங்க."

"மூணாவது வரி 'ய', 'ர', 'வ'. நல்லா முயற்சி பண்ணுங்க. முயற்சியே பண்ணாம இல்லன்னா எப்பிடி? கடைசி வரி 'ச', 'ல', 'க', 'ந'."

மருத்துவர் கடமை தவறாதவர். வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், மொத்தப் பட்டியலையும் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கேட்டார். பிறகு, 'வலது கண்: இல்லை. இடது கண்: மேற்படி. மேலும் கவனிக்க வேண்டும்' என்று எழுதினார். 'மேலும்' என்று இருந்ததால் இன்னும் இரண்டு முறை வரவேண்டியதாயிற்று. அந்த இரண்டு முறையும் பட்டியல் படிக்கப்பட்டது. மூன்று நாள் கூலி போனது.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள ஆய்வுக்காகச் சபாபதி என்ற ஆய்வாளர் காத்தவராயன் வீட்டுக்கு வந்தார். மற்ற நாளில் அவருக்கு வேலை இருந்தது. அது என்னவென்று அவர் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னாது?"

போனில் ஐந்தாம் நம்பர் பொத்தானின் மேல் ஒரு நெல் ஒட்டியிருந்தது. விரல் ஐந்தைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எண்கள் தானாக வந்துவிடும் என்பதற்காகக் காத்தவராயன் பசை வைத்து ஒட்டியது.

சபாபதி எழுதிக்கொண்டார்: 'வாரியத்தின் சொத்தின் மீது தானியம்.' பிறகு தலைநிமிர்ந்தார்.

"அப்ப நீங்களேதான் நம்பர் போடறீங்க?"

"ஆமாங்க."

"யாரு ஒத்தாசையும் இல்லாம?"

"எதுக்குங்க ஒத்தாச? விரலு இருக்குதே."

"பாத்தீங்களா தம்பி?" என்று ராஜவேல் பக்கம் திரும்பினார் சபாபதி. "தானா நம்பர் போடறவருக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் எப்பிடி எழுதறது? என் வேல போயிடும்."

"அப்ப, போடத் தெரியாதுன்னு எழுதிடுங்க சார்."

"போடத் தெரியாதவருக்குப் போன் எதுக்கு? அத எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க."

ராஜவேல் மூட்டை சுமக்கிறவன். எந்த மூட்டையானாலும் ஏதாவது ஒரு பக்கம் பிடிப்பு இருக்கும் என்பது அவன் அனுபவம். இதில் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். சபாபதி இரக்கப்பட்டார்.

"ஒரு வழி இருக்குது. சில நேரம் சரியா போடறாரு, சில நேரம் தப்பா போடறாருன்னு எழுதலாம். பெரியவரே, என் எதிர்ல ஒரு ராங் நம்பர் போடுங்க, பாப்பம்."

"ஆறு வருசத்துல நான் ஒரு ராங் நம்பரு போட்டதில்ல" என்றார் காத்தவராயன். முகம் சுருங்கிப்போனது.

"மாமா, ஒன்னே ஒன்னு" என்று ராஜவேல் கெஞ்சினான்.

அவர் வேண்டா வெறுப்பாக ஏதோ எண்களை அழுத்தினார். சேத்தியாத்தோப்பில் ஒரு கறிக்கடைக்காரன் எடுத்து, எத்தனை கிலோ என்று கேட்டான். சபாபதி வாங்கிக் கேட்டுத் திருப்தியடைந்து, 'தவறு செய்யும் திறன் உள்ளது' என்று குறித்துக்கொண்டார்.

அவர் எழுந்து செருப்பை மாட்டும் நேரத்தில் போன் அடித்தது. காத்தவராயன் எழுந்து, இடையில் கிடந்த சொம்பை ஒதுங்கி, நேராகப் போய் எடுத்தார். காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"யாரு அது?" என்றார் சபாபதி.

ராஜவேல் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"யாரும் பேசலயே. இவரும் பேசல. பேசறதுக்குத்தானே போனு?" சபாபதி கைக்கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷம் என்று எழுதி, பக்கத்தில் 'உபயோகமற்ற உபயோகம்' என்று எழுதினார். அந்தப் பக்கம் வைத்துவிட்டது. காத்தவராயன் ரிசீவரை வைத்துவிட்டுத் துண்டால் அதைத் துடைத்தார்.

எல்லாவற்றையும் மீறி, ஐப்பசி மாதத்தில் சலுகை கிடைத்துவிட்டது. அது வெறுமனே தபாலில் வரவில்லை. பதினோரு ஆண்டில் முதல் பயனாளி என்பதால் மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகத்தின் முன்னால் பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, விழா எடுத்தார்கள். விடுமுறை இல்லை என்று சொல்லப்பட்டதால் ஊழியர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மங்கலமும் வந்திருந்தாள். மாமாவுக்கு அவளே வேட்டியைத் துவைத்துப் பெட்டி போட்டிருந்தாள்.

வட்டார மேலாளர் செந்தமிழ்செல்வன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பதினோரு ஆண்டுகளாக இந்தத் திட்டத்தை நாம் எப்படிக் கட்டிக்காத்து வந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கே மெய்சிலிர்க்கிறது. தகுதியில்லாத ஒருவன் கைக்கு ஒரு பைசா போயிருக்கிறதா? இல்லை! தகுதியுள்ளவன் கைக்காவது போயிருக்கிறதா? அதுவும் இல்லை! அவ்வளவு எச்சரிக்கை! இந்தப் பெரியவருக்கு நாம் மாதம் அறுபது ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். இந்தப் பந்தலுக்கு மட்டும் நாற்பதாயிரம். ஏன் சொல்கிறேன்? ஏழைக்குச் செய்யும்போது நாம் கணக்குப் பார்ப்பதில்லை!"

கைதட்டினார்கள். மங்கலம் ராஜவேலின் காதில், "நாப்பதாயிரத்த அவுரு கையில குடுத்திருந்தா சாவற வரைக்கும் போனு பேசலாமே" என்றாள்.

"சும்மா இரு. ஆர்டர் இன்னும் கைக்கு வரல."

"சிலர் கேட்கிறார்கள்," செந்தமிழ்செல்வன் குரலை உயர்த்தினார், "ஏன் ஆறு மாதம் ஆனது என்று. அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டால், கொடுத்ததற்கு என்ன மரியாதை இருக்கிறது? பெரியவர் எத்தனை முறை படி ஏறினார்! அந்தப் படிகளைக் கட்டியவர்கள் நாம் அல்லவா?"

பிறகு காத்தவராயனுக்குச் சால்வை போட்டு, நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். சுவரொட்டியின் ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். கடைசியாக ஆணையை மேலாளரே வாசித்தார்.

"...மேற்படி சந்தாதாரர் பொதுப் பிரிவிலிருந்து சலுகைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். அவருடைய பழைய எண் இன்று காலை பத்து மணியுடன் ரத்து செய்யப்பட்டு, சலுகைப் பிரிவுக்குரிய புதிய எண் இதன்மூலம் மகிழ்ச்சியுடன் வழங்கப்படுகிறது."

ராஜவேல் எழுந்து நின்றுவிட்டான். "சார், நம்பரு மாறக் கூடாது சார்" என்றான். மைக் அவனிடம் இல்லை.

"இப்போது பெரியவர் தன் கையாலேயே முதல் அழைப்பைச் செய்து காட்டுவார்!"

மேஜை மேல் வைத்திருந்த போனை மைக்செட்டோடு இணைத்திருந்தார்கள். காத்தவராயனின் கை அதைத் தடவியது. புதிய போன், ஐந்தின் மேல் ஒன்றும் இல்லை. விரல்களால் எண்ணி எண்ணி ஐந்தைக் கண்டுபிடித்தார். அவர் தன் பழைய நம்பரைப் போட்டார்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மஞ்சக்குப்பம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை."

குரல் தெளிவாக இருந்ததால் எல்லாரும் கைதட்டினார்கள். மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் ராஜவேல் சிதம்பரம் கவுண்ட்டரில் நின்றான்.

"சலுகை வாணாம்மா. பழைய நம்பரக் குடுத்துடுங்க."

"வாங்கறதுக்குத்தான் ஃபாரம் இருக்குது. திருப்பிக் குடுக்கறதுக்கு யாரு ஃபாரம் அடிப்பாங்க?" அந்த அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். நல்ல மனசு அவளுக்கு. சாப்பாட்டு நேரத்திலும் புரட்டினாள். "இருக்குது. விதி பதினேழு. பயனாளி எறந்துட்டாலோ, பயனாளிக்குப் பார்வ திரும்பிட்டாலோ, சலுகை தானா ரத்தாயிடும். பழையபடி பொதுப் பிரிவு, பழைய நம்பரு." நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டுல ஒங்களுக்கு எது வசதி?"

அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள். மருத்துவரைப் பார்ப்பதற்கான அனுமதி வர மார்கழி பிறந்துவிட்டது. நடுவில் எட்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த எட்டு ஞாயிறும் காத்தவராயன் புதிய நம்பர் போனின் பக்கத்தில் போய் உட்காரவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிறு சோறு கொண்டு போன மங்கலத்திடம், "அவ அடிச்சிருப்பா" என்று மட்டும் சொன்னார். அவளும் அன்றைக்கு ஏச்சு எதுவும் இல்லாமல் வந்துவிட்டாள்.

மீண்டும் அதே மூன்று மாடி, அதே மருத்துவர்.

"பார்வ வந்துட்டுதா? எப்பிடி?"

"ஒங்க வாரியத்துப் புண்ணியம்ங்க" என்றார் காத்தவராயன்.

மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. மேலாளர் பேச்சைக் கேட்டவர் அவர். குச்சியை எடுத்து அட்டையைத் தட்டினார். "மேல?"

"ப."

"கீழ?"

"ட, ம. அதுக்குக் கீழ ய, ர, வ. கடைசியில பொடிசா ச, ல, க, ந." காத்தவராயன் கதவைப் பார்த்தபடி சொன்னார். ராஜவேல் அவர் தோளை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"பிரமாதம். கடைசி வரி எனக்கே கண்ணாடி போட்டாத்தான் தெரியும்" என்றார் மருத்துவர். பார்வை இல்லை என்று எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டவர், இருக்கிறது என்று எழுத மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார். காத்தவராயன் எழுந்து போகும்போது மருத்துவரின் மேஜையில் இடித்துக்கொண்டார். "பாத்துப் போங்க" என்றார் மருத்துவர்.

பழைய நம்பர் திரும்பி வந்தது. முழு வாடகை. இரண்டு மாதம் அனுபவித்த சலுகையைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று ஒரு கடிதமும், தானியத்தை அகற்றுவதற்கான கட்டணம் என்று இன்னொன்றும் வந்தன. மங்கலம் தன் கொலுசைக் கழற்றி ராஜவேலின் முன்னால் வைத்தாள். "கட்டித் தொல. அவ வந்தான்னா அவகிட்ட வட்டியோட வாங்கிக்கிறன்" என்றாள்.

வாரியத்து ஆள் நெல்லைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போன அடுத்த நாள், காத்தவராயன் வேறொரு நெல்லை எடுத்து ஐந்தின் மேல் ஒட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. ராஜவேல் அங்கே இருந்தான். காத்தவராயன் எடுத்தார். பழைய ரிசீவர், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். தையல் மிஷின் சத்தம். மூக்குறிஞ்சல். காத்தவராயன் வழக்கம்போல் நின்றார்.

"அப்பா."

அவர் கை சுவரைப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, இருக்கியா? ரெண்டு மாசமா அடிக்கிறன். உபயோகத்துல இல்ல, உபயோகத்துல இல்லன்னே ஒருத்தி சொல்லிக்கினு இருக்கா. நீ செத்துட்டியோன்னு... யாரக் கேக்கறதுன்னும் தெரியல..." மேற்கொண்டு பேச முடியாமல் அவள் அழுதாள். மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"சாவுலம்மா" என்றார் காத்தவராயன். ஆறு வருஷத்தில் அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "ரெண்டுல ஒன்னு கேட்டாங்க. நான் சாவுல. கண்ணு வந்துட்டுது."

"என்னாப்பா சொல்ற?"

"நெசமாத்தான். கவருமெண்டு சீலு வச்ச சர்ட்டிபிகேட் இருக்குது. என்னாதான் எழுதியிருக்கான்னு தெரியல. நீ வந்து படிச்சிக் காட்டு."